ஆரணிப் பாம்பு

(திருவனந்தபுரம் பழவங்காடியில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழவங்காடியில் பாம்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வீட்டில், "முதலில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்" என்றார்கள். உடைத்தாயிற்று. பட்டாளத்தார் பராமரிக்கும் கோயில் அல்லவா, சிதறுகாய் உடைப்பதில்கூட ஒரு ஒழுங்கு தெரிகிறது. அங்கிருந்து இங்கே நடந்து வரும் வழியில் ஒரு நேந்திரங்காய் வறுவல் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டேன். நான் தாமதமாக வந்ததற்கு அதுதான் காரணம், மன்னிக்கவும். பெரிய உருளியில் தேங்காயெண்ணெய் கொதிக்கிறது. கடைப்பையன் சீவுபலகையை உருளிக்கு நேர்மேலே பிடித்துக்கொண்டு காயைத் தேய்க்கிறான். சீவல் எண்ணெயில் விழுந்ததும் 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்புகிறது. உப்புத் தண்ணீரைத் தெளித்ததும் அது இன்னும் உரத்துச் சீறி, பிறகு மெல்ல அடங்குகிறது. அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

நான் பேச வந்த பாம்பும் இப்படித்தான் சத்தம் போடும்.

சுருட்டை விரியன். மலையாளத்தில் சுருட்ட மண்டலி. மராத்தியில் ஃபுர்சே. வடக்கே அஃபாய் என்பார்கள். சிங்களத்தில் வெலி பொலங்கா, அதாவது மணல் விரியன். ராஜஸ்தானத்துத் தார் பாலைவனத்திலிருந்து பாகிஸ்தான், ஈரான், ஓமான், துர்க்மெனிஸ்தான் வரைக்கும் மணலிலும் கல்லிலும் பரவிக் கிடக்கிற பாலைவனப் பாம்பு. உலகத்தில் அதிகம் பேரைக் கொன்ற பாம்பினம் எது என்ற பேச்சு எழுந்தால் இதன் குடும்பத்தின் பெயர் முதல் வரிசையில் வரும். அளவோ, நம் பக்கத்தில் ஒரு அடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை அடி. பெருவிரல் தடிமன்.

சத்தம் வாயிலிருந்து வருவதில்லை. சாலைக் கடைத்தெருவில் இரண்டு ஹாக்ஸா பிளேடு வாங்கி வந்திருக்கிறேன், பாருங்கள். பல்லோடு பல் வைத்து இப்படி இழுத்தால்... கேட்கிறதா? பாம்பின் உடம்புப் பக்கவாட்டில் சில வரிசைச் செதில்கள் சாய்வாக, கீழ்நோக்கி அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு செதிலின் நடுவிலும் ஒரு முகடு, அந்த முகட்டில் ரம்பம் போலப் பொடிப் பொடியாகப் பற்கள். மிரண்டால் உடம்பைப் பிறை பிறையாக மடித்து, மடிப்போடு மடிப்பை எதிரெதிர்த் திசையில் உரசும். மடிப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும், தலை மட்டும் நடுவில் அசையாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூச்சை விட்டுச் சீறினால் மூச்சோடு ஈரமும் போய்விடும். தண்ணீர் கிடைக்காத நாட்டில் அந்த ஈரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கருதுகிறார்கள். ஆப்பிரிக்காவில் முட்டை மட்டும் தின்கிற, விஷமே இல்லாத ஒரு பாம்பு இருக்கிறது. அதுவும் இதே மாதிரி உடம்பை மடித்து உரசிச் சத்தம் எழுப்பி, தானும் விரியன்தான் என்று ஊரை நம்பவைக்கிறது. பொய் சொல்வதற்கும் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமே.

நான் இந்தச் சத்தத்தை முதலில் கேட்டது ஏழு வயதில். எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கம். ஆரணி என்றதும் இங்கே அம்மாக்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது. பட்டுச்சேலைதான். ஆனால் தறிச் சத்தம் ஊருக்குள்ளே. ஊர் எல்லையைத் தாண்டினால் பாறைக் குன்றும் கரடும் கள்ளிவேலியும். பக்கத்தில் கமண்டல நாகநதி என்று பேர் வைத்த ஆறு. வருஷத்தில் பாதி நாள் அது மணலாகத்தான் கிடக்கும். மாலை மங்கும் நேரம், பெரியம்மா வரட்டி அடுக்கில் கையை விட்டாள். உள்ளே எண்ணெயில் அப்பளம் போட்டது போல ஒரு சத்தம். "ஐயோ, சுருட்டை" என்று கையை இழுத்தாள். நடுவிரலில் கடித்துவிட்டது.

அன்று இரவு மந்திரிப்பு. விரலுக்கு மேல் இறுக்கிக் கட்டினார்கள், பச்சிலை வைத்தார்கள். மறுநாள் கை முழங்கை வரை வீங்கியது, ஆனாலும் எழுந்து நடமாடினாள். "பூச்சி சின்னது, விஷம் இறங்கிடுச்சு" என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் நிற்கவில்லை. பிறகுதான் வண்டி கட்டினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த விரல் கடைசிவரை நிமிரவே இல்லை. பாம்பு கெடுத்தது பாதி, கட்டு கெடுத்தது பாதி. விலங்கியல் படித்து, அதையே பாடமாகச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் சுருட்டை என்று யாராவது சொன்னால் எனக்குப் படமோ புத்தகமோ நினைவுக்கு வருவதில்லை. அந்த மடங்கிய விரல்தான் வருகிறது. அதை வைத்துக்கொண்டு அவள் சாதம் பிசைகிற விதம்.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து ஒருநாள், பாம்புகளின் அறிவியல் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டைக்கு எக்கிஸ் கேரினேட்டஸ். கேரினா என்றால் லத்தீனில் தோணியின் அடிமரம். செதில் முகட்டைக் குறித்து வைத்த பெயர். அதற்கு நேரே, இந்த இனத்தின் மூல மாதிரி எங்கிருந்து வந்தது என்று ஓர் ஊர்ப்பெயர் அச்சாகியிருந்தது. ஆர்னி. இரண்டு மூன்று முறை படித்தேன். எங்கள் ஆரணிதான்.

நடந்தது இது. 1780-களில் பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்தார். அதற்கு முன் சிரியாவில் அலெப்போவில் வைத்தியம் பார்த்தவர். இந்த ஊரில் எது விஷப்பாம்பு, எது சாதுப் பாம்பு என்று சாதாரண ஆள் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். பாம்புகளை வரவழைத்தார், கோழியையும் நாயையும் கடிக்கவிட்டுப் பார்த்தார், ஓவியம் எழுதவைத்தார். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் 1796-இல் லண்டனில் வெளியானது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் அவர் பெயர்தான். அந்தப் புத்தகத்தில் தொடக்கத்திலேயே சின்ன விரியன் ஒன்றின் படம், 'ஹொரட்டா பாம்' என்ற உள்ளூர்ப் பெயரோடு. பாம் என்பது பாம்பு, அல்லது தெலுங்குப் பாமு. ஹொரட்டா? 'சுருட்டை'யைத்தான் வெள்ளைக்காரக் காது அப்படி வாங்கியிருக்கும் என்பது என் ஊகம். சான்று கேட்காதீர்கள், ஊர்க்காரன் உரிமையில் சொல்கிறேன்.

ரஸ்ஸல் லத்தீன் பெயர் வைக்கவில்லை. இந்தியாவையே பார்க்காத ஷ்னைடர் என்ற ஜெர்மானியப் பண்டிதர், அந்தப் படத்தையும் குறிப்பையும் ஆதாரமாக வைத்து 1801-இல் கேரினேட்டஸ் என்ற அடைமொழியைக் கொடுத்தார். 1820-இல் மெர்ரெம் என்பவர் எக்கிஸ் என்று பேரினத்துக்குப் பெயரிட்டார். கிரேக்கத்தில் அதற்கு விரியன் என்றே பொருள். பிற்காலத்தில் மால்கம் ஸ்மித் இந்தியப் பாம்புகளைப் பற்றி எழுதிய 1943-ஆம் ஆண்டு நூலில், இந்த இனத்தின் மூல இடம் ஆரணி என்று வரையறுத்தார். ஆக, துர்க்மெனிஸ்தான் மணலில் ஒரு ரஷ்ய ஆய்வாளர் இந்த வகைப் பாம்பைப் பிடித்து அளந்தாலும், ஒப்புநோக்கக் கடைசியில் வந்து நிற்க வேண்டிய இடம் எங்கள் கரடுதான்.

பாலைவனப் பாம்புக்குத் தமிழ்நாட்டு ஊர் எப்படி மூல இடமாகும் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி எழுவதற்கு, பாலைவனம் என்றதும் நம் கண்ணில் ஒட்டகமும் மணல்மேடும் வந்து நிற்பதுதான் காரணம். பழைய தமிழ் இலக்கணம் பாலைக்குத் தனியாக ஒரு நிலத்தை ஒதுக்கவில்லை. குறிஞ்சியோ முல்லையோ வெயிலில் காய்ந்து தன் இயல்பு கெட்டால் அதுவே பாலை. இந்தப் பாம்பு அந்த இலக்கணத்தைப் படித்ததுபோல வாழ்கிறது. மணல் வேண்டும் என்று அது கேட்பதில்லை. காய்ந்த நிலம், கல், முள், தேள் இருந்தால் போதும். தார் மணலில் இருக்கும், கொங்கணத்தில் ரத்னகிரியின் செம்புரைக்கல் மேட்டில் இருக்கும், ராமநாதபுரத்து உடைமரக் காட்டில் இருக்கும், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடலோர மணலில் இருக்கும். மழைக்காட்டில் இருக்காது. இந்த நகரத்தில் அதைத் தேடாதீர்கள், இங்கே மழை அதிகம். ஆனால் கிழக்கே ரயிலேறி நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முகத்தில் அறையும்போது வெளியே பாருங்கள். பச்சை திடீரென்று அறுந்து, காற்றாலையும் உடைமரமுமாகப் பழுப்பு தொடங்கும். அந்தக் கோட்டிலிருந்து அதன் நாடு.

ரத்னகிரி என்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஃபுர்சேயை ஒழிக்கத் தலைக்கு இத்தனை அணா என்று சர்க்கார் பரிசு கொடுத்துப் பார்த்தது. இலட்சக்கணக்கில் கொன்று கொண்டுவந்து கொட்டினார்கள். கஜானா இளைத்தது, பாம்பு இளைக்கவில்லை. இன்றைக்கும் ரத்னகிரியில் ஃபுர்சே ஏராளம்.

அதற்கு ஒரு காரணம், இது குட்டி போடுகிற பாம்பு. ஆப்பிரிக்காவில் இருக்கிற இதன் உறவினங்கள் முட்டையிடுகின்றன. நம்முடையது முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பொரித்து, ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு முதல் பதினைந்து வரை குட்டிகளை நேராக வெளியே விடும். கோடையிலும் மழைத் தொடக்கத்திலும் கல்லடியில் மண்புழு கனத்தில் நெளியும் குட்டிகளைப் பார்க்கலாம். அந்த அளவிலேயே சுருண்டு மடிந்து உரசப் பார்க்கும். சத்தத்தைவிடப் பாவனைதான் அதிகம். அதற்குள் விஷமும் இருக்கும், ஆகவே கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டாம்.

நடையைச் சொல்ல வேண்டும். சாதாரணப் பாம்பு மண்ணில் வளைந்து வளைந்து போகும், தடம் ஒரே கோடாக நெளியும். சூடான மணலிலும் நழுவும் புழுதியிலும் அப்படிப் போனால் பிடிமானம் கிடைக்காது. சுருட்டை பக்கவாட்டில் நகரும். உடம்பில் ஒன்றிரண்டு இடம் மட்டும் தரையில் அழுந்த, மீதி தூக்கியபடி காற்றில் வரும். தலை ஒரு பக்கம் பார்க்க உடம்பு வேறு பக்கம் போகும். புழுதியில் அது விட்டுப்போகும் தடம் ஒரு கோடாக இருக்காது, தனித்தனிக் கீற்றாக இருக்கும். ஒன்றையொன்று தொடாமல், சாய்வாக, வரிசையாக, ஒவ்வொரு கீற்றின் முனையிலும் ஒரு சின்னக் கொக்கி. சிறு பிள்ளை சிலேட்டில் எழுதக் கற்றுக்கொள்ளும்போது ஒரே எழுத்தைப் பத்து முறை போட்டுப் பழகுமே, அது மாதிரி.

பகலில் கல்லடியில், எலி வளையில், ரயில் கற்றாழை அடியில் கிடக்கும். மணல் இருந்தால் உடம்பைப் புதைத்துக் கண்ணை மட்டும் வெளியே வைக்கும். இருட்டியதும் வேட்டை. மழை பெய்து தரை ஊறிவிட்டால் புதர்மேல் ஏறிக்கொள்ளும். ஈரம் அதற்குப் பிடிக்காது. எங்கள் பக்கத்தில் முதல் மழைக்குப் பின் வேலிக் கிளையை ஒடிக்கப் போகிறவர்கள் காலடியைப் பார்ப்பார்கள், கை போகிற உயரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

தீனி தேள், பூரான், வெட்டுக்கிளி, பல்லி, ஓணான் குட்டி, சுண்டெலி, தவளை. எது அகப்படுகிறதோ அது. ஆனால் தேள் விசேஷம். இந்தக் குடும்பத்தில் தேள், பூரானை அதிகம் தின்கிற இனங்களின் விஷம் தேளை வேகமாகக் கொல்கிறது, எலியையும் பல்லியையும் மட்டும் தின்கிற உறவினத்தின் விஷத்துக்கு அந்த வேகம் இல்லை என்று 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒப்பிட்டுக் காட்டியது. தீனிக்குத் தக்கபடி விஷம் தீட்டப்பட்டிருக்கிறது. நம்மைக் கடிப்பது அதற்கு வீண் செலவு. நம்மை அதனால் விழுங்க முடியாது, தயாரித்து வைத்த விஷமும் போய்விடும். இது எனக்கு ஆறுதலாகவே இருந்ததில்லை, உங்களுக்கும் இருக்காது.

விஷம் என்ன செய்கிறது? ரத்தம் உறைவது ஒரு சங்கிலி வேலை. ஒரு பொருள் அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. அந்தச் சங்கிலியின் நடுவில் புரோத்ராம்பின் என்று ஒன்று, தூங்கிக்கொண்டிருக்கும். அடிபட்ட இடத்தில் மட்டும்தான் அதை எழுப்ப வேண்டும். சுருட்டையின் விஷத்தில் உள்ள ஒரு நொதி உடம்பு முழுக்க அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது. ரத்தக் குழாய்க்குள் எங்கெங்கும் நுண்ணிய உறைவு. உறைவதற்கான சரக்கெல்லாம் அதில் தீர்ந்துபோக, பிறகு உண்மையில் காயம் ஏற்படும்போது உறைய எதுவும் மிச்சமில்லை. போதாததற்கு, நுண்குழாய்களின் சுவரை அரிக்கும் வேறு பொருள்களும் விஷத்தில் உண்டு. ஈறில், சிறுநீரில், பழைய புண்ணில், சிலருக்கு மூளையில் கசிவு தொடங்கும். அதுவும் உடனே தொடங்காது, சிலருக்கு நாள் கழித்து. பெரியம்மா விஷயத்தில் ஏமாந்தது இங்கேதான். நல்ல பாம்பு கடித்தவர் சில மணி நேரத்தில் கண் செருகுவார், வீட்டார் பதறி ஓடுவார்கள். சுருட்டை கடித்தவர் மறுநாள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்.

நம் ஆயுர்வேத நூல்கள் பாம்புகளைத் தர்வீகரம், மண்டலி, ராஜிமந்தம் என்று பிரித்தன. படம் உள்ளது, வட்டம் வட்டமாக உள்ளது, கோடு கோடாக உள்ளது. மண்டலியின் விஷம் பித்தத்தைக் கெடுக்கும், அதாவது சூடும் ரத்தமும் என்றன. மருந்து விஷயத்தில் அவற்றோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அந்த வகைப்பாட்டைச் செய்தவன் கடித்த இடத்தையும் கடிபட்டவனையும் கூர்ந்து பார்த்திருக்கிறான் என்பதில் சந்தேகமே இல்லை. கேரளத்து விஷவைத்தியர்கள் மண்டலி என்ற சொல்லைக் கைவிடாமல் இன்றுவரை வைத்திருப்பது நல்ல காரியம்.

ரத்தம் உறையாமல் போனதை ஆஸ்பத்திரியில் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. யந்திரம் வேண்டாம். இரண்டு மில்லி ரத்தத்தை ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது. அவ்வளவுதான். ஆனால் குழாய் புதியதாக, சுத்தமாக, உலர்ந்ததாக, கண்ணாடியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடாது. சோப்புப்பொடி போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. உறைதலைத் தொடக்கிவைப்பதே கண்ணாடியின் மேற்பரப்பு, சோப்பின் மிச்சம் அதைக் கெடுத்துவிடும். ஒருமுறை எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உறவுக்காரப் பையனுக்காக நின்றேன். பேர் வேண்டாம். கழுவிக் கவிழ்த்த குழாயில் ரத்தம் எடுத்தார்கள். ஓடியது. எல்லாருக்கும் முகம் வெளுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் வெளியே ஓடி ஆய்வகக் கடையில் புதுக் குழாய் வாங்கி வந்தேன். இருபது நிமிடம். நின்றது. பையனைக் கடித்தது பூனைப் பாம்பு. சுருட்டையைப் போலவே பழுப்பும் வெள்ளைப் புள்ளியுமாக இருக்கும், மனிதனுக்குத் தீங்கில்லாதது. சுருட்டை என்று நினைத்து ஊரில் அடித்துக் கொல்லப்படுவதில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

கெடுக்கிற பொருளிலிருந்தே மருந்தும் வந்திருக்கிறது. நான் சொன்ன அந்த நொதிக்கு எக்காரின் என்று பெயர். எக்கிஸ், கேரினேட்டஸ் இரண்டையும் சுருக்கிச் செய்த பெயர். உறைதலைத் தடுக்கும் சில மருந்துகள் நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்க ஆய்வகத்தில் இதைப் பயன்படுத்துகிறார்கள். இன்னொன்று எக்கிஸ்டாட்டின். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது. அதன் அமைப்பைப் பார்த்துத்தான் டைரோஃபைபான் என்ற மருந்தைச் செய்தார்கள். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாரடைப்பு வந்தவருக்கு இதயக் குழாயில் கட்டி வளராமல் இருக்க நரம்பில் ஏற்றுவார்கள். இந்த அரங்கில் யாருக்காவது ஏற்றியிருக்கலாம்.

இனி, பெயரால் வந்த வினை. நான் இங்கே வந்து பேச ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

இந்தியாவில் பாம்புக்கடி என்றால் நான்கு பேரைச் சொல்வோம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. ஒரு குப்பி பத்து மில்லி. அந்தக் குப்பி சுருட்டையின் விஷத்தில் நாலரை மில்லிகிராமை முறிக்க வேண்டும் என்பது விதி. கடி வாங்கி வருகிறவருக்கு எடுத்த எடுப்பில் எட்டு, பத்துக் குப்பி போகும்.

இதில் கேரளத்தில் என்ன நடந்தது? இங்கே ரப்பர் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் இலைச்சருகுக்குள் சின்ன விரியன் ஒன்று இருக்கிறது. மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும், தலை முக்கோணம். முழமூக்கன் குழிமண்டலி என்று மலையாளத்தில் அழகாகச் சொல்கிறார்கள். கடிபட்டவர் அதை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவருவார். சின்னது, பழுப்பு, விரியன் மாதிரி. அப்படியானால் சுருட்டை என்று எழுதிவிடுவார்கள். வருஷக்கணக்காக இப்படியே எழுதிவந்தார்கள். 2007-இல் கேரளத்து மருத்துவர்கள் ஐந்து கேஸ்களை, கடித்த பாம்பை நிச்சயமாக அடையாளம் கண்டு, பதிப்பித்தார்கள்.  இரண்டு பேருக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. நால்வர் மருந்தில் இந்தப் பாம்புக்கு முறிவு இல்லை. சுருட்டை என்ற ஒரு சொல்லைத் தவறாக எழுதியதால், குப்பி குப்பியாகப் பயனில்லாத மருந்து உள்ளே போனது. அப்படி ஒரு பாம்பு கடிக்கிறது என்பதே நாட்டின் கணக்கில் ஏறவில்லை.

வேறு பாம்புக்குச் சுருட்டை என்று பெயர் வைத்தது கேரளம். ராஜஸ்தானில் தலைகீழ். அங்கே இருப்பதும் சுருட்டைதான், ஆனால் வடக்கத்தி வகை. நம்முடையதைவிட இருமடங்கு நீளம் வளரும். ஆஸ்திரிய ஆய்வாளர் சோஹுரெக் பெயரால் அதற்குத் தனி உட்பெயர் உண்டு. மருந்து செய்யக் குதிரைக்கு ஏற்றும் விஷமோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து, மாமல்லபுரத்துக்குப் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. தெற்கத்திச் சுருட்டையின் விஷத்துக்குச் செய்த மருந்து மேற்கு ராஜஸ்தானில் கடிபட்டவரிடம் தடுமாறுகிறது. குப்பிக்கு மேல் குப்பி ஏற்றியும் ரத்தம் உறைய மறுக்கிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதிவருகிறார்கள். ஆரணியை மூல இடமாக எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை, இதைப் படித்த அன்று கொஞ்சம் சுருங்கிப்போனது. ஒரு ஊர்ப் பாம்பை வைத்துக்கொண்டு துணைக்கண்டம் முழுவதற்கும் மருந்து செய்கிறோம்.

இதில் இருளர்மேல் குற்றமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்த மருந்தும் இல்லை. தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972-இன் வனவிலங்குச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்தன. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் சங்கம் அமைந்தது. நான் போய் நின்று பார்த்திருக்கிறேன். மண்பானை வரிசை, வாயில் துணி கட்டி, ஒவ்வொரு பானையிலும் சிலேட்டுக் குறிப்பு. சில வாரம் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். ஒரு பெரியவர் சின்ன கொக்கியால் சுருட்டையைப் பானையிலிருந்து எடுத்து மேசையில் விட்டார். பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்கவைத்தார். அடியில் மஞ்சளாக ஒரு பொட்டு, கண்ணீர்த் துளியில் பாதி. "இவ்வளவுதாங்களா?" என்றேன். "இதுக்கே நாள் பூரா கல்லு பொரட்டணும் சார்" என்றார். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்று டிவியில் அவர்களைப் பார்த்தபோது பெரியம்மா உயிரோடு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்பது கணக்கு. வருஷத்துக்கு 58,000. தமிழ்நாடு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. கேரள வனத்துறை சர்ப்பா என்ற செயலி வைத்திருக்கிறது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் பயிற்சி பெற்றவர் வந்து எடுத்துப்போவார். உங்கள் போனில் இல்லாவிட்டால் பேச்சு முடிந்ததும் ஏற்றிக்கொள்ளுங்கள். கடிபட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்து வண்டி ஏறுங்கள். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், முடிந்தால் தள்ளி நின்று ஒரு போட்டோ போதும். மோதிரம், வளையல், மெட்டியை முதலில் கழற்றிவிடுங்கள், வீங்கியபின் கழற்ற முடியாது.

போன மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நான் சிறுவயதில் கல் புரட்டிய குன்றில் பாதி இப்போது இல்லை. கிரஷர் வந்துவிட்டது. வரட்டி அடுக்கியிருந்த களத்து மேட்டில் எம்-சாண்ட் குவித்திருக்கிறார்கள், ஆளுயரத்துக்கு, மாவு போல. காலை ஆறு மணி, லாரி இன்னும் வரவில்லை. குவியலின் சரிவில் சாய்வாகப் பதினொரு கீற்று, ஒன்றையொன்று தொடாமல், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொக்கி. எண்ணிப் பார்த்தேன். பதினொன்றாவது கீற்று குவியலின் அடியில், கிரஷருக்குக் கொண்டுவந்து உடைக்காமல் விட்டிருந்த ஒரு கருங்கல்லின் கீழ் போய் நின்றது.